செல்வராணியின் ‘சரம்’ விற்ற கதை

கேசட் கடைக்கு வருகிறவர்கள் பாட்டின் பெயரைச் சொல்ல மாட்டார்கள்; கல்லாவுக்கு முன்னால் நின்று பாடிக் காட்டுவார்கள். சுருதியே சேராமல் பாடிவிட்டு, கண்டுபிடிக்காவிட்டால் நம்மை முறைப்பார்கள். கடை நடத்திய அன்பர்களே, உங்களுக்கு இது புதிதில்லை. சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் கடை வைத்திருந்தபோது, கேசட் போய் சி.டி. வந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் செல்வராணியால் நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

எந்த ஹீரோ?

செல்வராணி ஆனைக்குட்டத்துப் பெண். எங்கள் பக்கத்துக் கோயில் பொங்கல்களில் ஒரு மெல்லிசைக் குழுவோடு வந்து சினிமாப் பாட்டுப் பாடுவாள். எந்தப் பாடகியின் குரல் வேண்டுமோ அந்தக் குரல் வரும். அவள் கச்சேரி என்றால் கடையை அடைத்துவிட்டுப் போகிற கிறுக்கு எனக்கு.

திடீரென்று அந்தக் குழுவை விட்டு விலகினாள். கிதார், டிரம்ஸ் வாசிக்கும் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ‘சரம்’ என்று புதுக் குழு தொடங்கினாள். இனிமேல் சொந்தப் பாட்டு, சொந்தக் குரல். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். விருதுநகரிலிருந்து காலி கேசட்டில் பாட்டுப் பதிந்துபோக வரும் மிளகாய் வியாபாரி ஒருவர் ரொம்ப யோசித்துவிட்டுக் கேட்டார்: “சினிமாவுல இல்லாத பாட்ட எந்த ஹீரோ பாடுறதா நெனச்சுக் கேக்குறது, அண்ணாச்சி?”

மஞ்சள் நட்சத்திரம்

முதல் ஆல்பம் வந்தது. கடைக்கு ஒரு போஸ்டர் அடிக்கலாம் என்று தெரிந்த அச்சகத்தில் கொடுத்தேன். அது பட்டாசு லேபிள் அடிக்கிற அச்சகம். சிவப்புப் பின்னணி, வெடித்துச் சிதறும் மஞ்சள் நட்சத்திரம், நடுவில் ‘செல்வராணியின் சரம்’. அதுகூடப் பரவாயில்லை. கீழே சின்ன எழுத்தில், ‘திறந்த வெளியில் மட்டும் பயன்படுத்தவும்’ என்று இருந்தது. “என்னப்பா இது?” என்று கத்தினேன். லேஅவுட் போட்டவர் கொஞ்சமும் அசரவில்லை. “சரம்னு போட்டுட்டு எச்சரிக்கை போடாம விட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது, அண்ணாச்சி?”

மனசாட்சி

வேறு போஸ்டர் அடிக்கத் தீபாவளிச் சீசனில் எந்த அச்சகத்துக்கும் நேரமில்லை. கீழ்வரியைக் கத்தரித்துவிட்டு ஒட்டினேன். தாயில்பட்டியில் பட்டாசு வேலை பார்க்கும் ஒரு அம்மா, பஸ்ஸுக்கு நின்றவர், போஸ்டரைப் பார்த்து உள்ளே வந்தார். “புதுச் சரமா? எம்புட்டு இருக்கு இதுல?” என்றார். பாட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, “எட்டு இருக்கும்மா. எட்டும் முத்து!” என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எட்டே எட்டு வெடியக் கோத்து இதச் சரம்னு விக்கிறீகளே, ஒங்களுக்கு மனசாட்சி இருக்கா?”

ரிப்பேர்

அப்படியும் இப்படியும் சில கேசட் விற்றது. விற்றதில் ஒன்று மறுநாளே திரும்பி வந்தது. மேடையில் உச்சத்தில் பாடிய செல்வராணி, இதில் காதோடு பேசுவதுபோல் மெதுவாகப் பாடியிருந்தாள். எனக்கு அதுதான் பிடித்தது. கொண்டுவந்தவருக்கோ கேசட் மேலேயே சந்தேகம். “கோயில்ல பாடுனா நாலு ஊருக்குக் கேட்ட பொண்ணு, இதுல குசுகுசுங்குது. டேப்பு ரிப்பேரு, வேற குடுங்க.”

முடியிற எடம்

ஒரு பட்டாசு கம்பெனி முதலாளி என் வாடிக்கையாளர். கம்பெனி ஆயுத பூஜை விழாவுக்குச் ‘சரம்’ குழுவைக் கூப்பிடுங்கள் என்று அவரைப் பிடித்துச் சம்மதிக்க வைத்தேன். விழா அன்று மாலை செல்வராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “ஒரு கச்சேரியும் சரியா எடுபடல, அண்ணாச்சி. இதுவும் போச்சுன்னா குழுவுல எல்லாரும் அவுகவுக வேலையப் பாத்துப் போறதா இருக்காக. நான் பழைய குழுவுக்கே திரும்ப வேண்டியதுதான்” என்றாள்.

மூன்று பாட்டுப் பாடினாள். ஒரு கைதட்டல் இல்லை. முதலாளி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நாலாவது பாட்டு, பெண் பார்க்க வருகிற நாளில், விரலில் ஏறிய பட்டாசு மருந்து போகவில்லையே என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவும் பெண்ணைப் பற்றியது. அவளே எழுதியது. பாடி முடித்தாள். அதற்கும் மூச்சுப் பேச்சில்லை. செல்வராணி கண் கலங்கி மைக்கை ஸ்டாண்டில் மாட்டப்போனாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது முன்வரிசையில், பட்டாசு மருந்து ஏறி விரலெல்லாம் வெள்ளி பூசினாற்போல் இருந்த ஒரு பெண் எழுந்தாள். பக்கத்திலிருந்தவர்கள் முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“முடிஞ்சிருச்சா தாயி? சினிமாப் பாட்டுன்னா முடியிற எடம் தெரியும், இது புதுசுல்ல! இன்னொருக்காப் பாடு, சரியாத் தட்டுறோம்.”

இரண்டாம் தடவை அவர்கள் தட்டிய தட்டில் ‘சரம்’ கலையாமல் தப்பியது. ஆனால் அந்த ஒரு பாட்டை மட்டும் காலி கேசட்டில் பதிந்து தரச் சொல்லி வந்த கூட்டத்தில், ஆல்பம் வாங்க ஆள் இல்லாமல் போன கடைக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.