நான் மூடச் சொன்ன குழாய்

நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் பிறப்பு இறப்பு பதியும் எழுத்தராக நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே கவுன்சிலர் என்று யாரும் கிடையாது. சபையைக் கலைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தேர்தல் வரும், வரும் என்றார்கள், வரவில்லை. தலைவரும் கவுன்சிலர்களும் கூடிச் செய்த அத்தனையையும் தனி அதிகாரி ஒருவரே செய்தார். தீர்மானம் போடுவதும் அவர்தான், நிறைவேற்றுவதும் அவர்தான். முன்பெல்லாம் குழாயில் தண்ணீர் வராவிட்டால் பெண்கள் கவுன்சிலர் வீட்டு வாசலில் காலிக்குடத்தை வைத்துவிட்டு நகர மாட்டார்கள். இப்போது மனு எழுதி எங்களிடம் கொடுத்தார்கள். எண் போட்டு உள்ளே அனுப்பினோம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை. பக்கத்தில் வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஆறு வறண்டு, பள்ளத்தாக்கில் எங்கள் ஊருக்கு மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். அந்த வாரம் பெரியவர் ஒருவரின் சாவைப் பதிந்தேன். காரணம் வயிற்றுப்போக்கு. இரண்டு நாள் கழித்து அதே தெருவில் ஒரு பெண். அதே காரணம். திருவிழாவில் தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு வீட்டாரும் சொன்னார்கள். நானும் அதை நம்பி எழுதினேன்.

மூன்றாவதாக வந்தவரும் அதே தெரு, கடைவீதியில் மூட்டை தூக்குகிறவர். வயிற்றுப்போக்கில் இறந்தது அவருடைய மூன்று வயது மகன். நான் கேட்பதற்கு முன்பே, திருவிழாவில் ஏதாவது வாங்கிக் கொடுத்தீர்களா என்று பக்கத்து இருக்கைக்காரர் விசாரித்தார்.

"நாங்க இந்த வருசம் வீரபாண்டிக்கே போகல சார். வீட்டுத் தண்ணியும் கஞ்சியுந்தான்."

என் பேனா நின்றுவிட்டது. அந்தத் தெருவுக்கு அடுத்தது என் தெரு. இரண்டுக்கும் ஒரே குழாய் வழி. காலையிலிருந்து என் நாலு வயது மகளுக்கு வயிறு சரியில்லை. மாம்பழம் தின்றதால் இருக்கும் என்று நினைத்துப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். என் கணவர் மதுரை பஸ்ஸில் கண்டக்டர். ஆண்டிபட்டியைத் தாண்டிப் போயிருப்பார். அந்த மனிதர் கைநாட்டு வைத்துவிட்டுப் போகும்வரை நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

சுகாதார ஆய்வாளரிடம் மூன்று பதிவுகளையும் காட்டினேன். கெட்ட மனிதரல்ல அவர். நிதானமாகப் படித்தார். தண்ணீரைப் பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்பலாம், முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார். அதுவரை தண்ணீரை நிறுத்த வேண்டாமா என்று கேட்டேன். அதற்குத் தனி அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அவர் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்கு மதுரை போயிருக்கிறார். நாளை மறுநாள்தான் வருவார். ஆனால் எங்கள் தெருக்களுக்கு அடுத்த முறைத் தண்ணீர் மறுநாள் காலையிலேயே விட வேண்டியது.

"கோடையில தண்ணிய நிறுத்தினா ஊரே வந்து கேக்கும்மா. நான் என்னத்தக் காட்டுறது?" என்றார்.

வீட்டுக்கு ஓடிப்போய் மகளைப் பார்த்தேன். கண் உள்ளே போயிருந்தது; ஆனாலும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து உப்பும் சர்க்கரையும் கலந்து கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தேன். என் வீட்டில் கொதிக்கவைக்கலாம், இரண்டு தெருவும் கொதிக்கவைக்குமா என்று வழியெல்லாம் அதே நினைப்பு.

வால்வு திறந்து மூடும் ஃபிட்டர் ஐம்பது வயதுக்காரர். தினக்கூலி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வாய்ச்சொல்லுக்கு மூடுனா என்னய வீட்டுக்கு அனுப்பிருவாகம்மா. ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

கைப்பையில் இருந்த தாளில், இரண்டு தெருக்களுக்கும் நாளை தண்ணீர் விட வேண்டாம் என்று எழுதி, சுகாதாரப் பிரிவு என்று போட்டுக் கையெழுத்திட்டேன். அவர் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"சுகாதார இன்ஸ்பெக்டருக்குத் தெரியுமில்ல?"

தெரியும் என்றேன்.

மறுநாள் பத்து மணிக்குள் நகராட்சி வாசலில் குடங்களோடு நாற்பது பெண்களாவது இருந்தார்கள். பாதிப் பேர் என் தெரு. நான் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆய்வாளர் என்னிடம் வந்து, யார் மூடச் சொன்னது என்று கேட்டார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஃபிட்டரையும் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனார்.

சாக்கடையைக் குழாய் கடக்கும் இடத்தில் தோண்டினார்களாம். இணைப்பு உடைந்து, அதன்மேல் கறுப்புச் சேறு ஏறிக் கிடந்திருக்கிறது. தண்ணீர் ஓடாத நாட்களில் காலிக்குழாய் சாக்கடையை உள்ளே இழுத்திருக்கிறது. இதைச் சொன்னபோது ஆய்வாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றே வேறு பக்கத்திலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இணைப்பை மாற்றி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் குழாயைக் கழுவினார்கள்.

என் மகள் நான்கு நாளில் எழுந்து விளையாடப் போனாள்.

தனி அதிகாரி வந்ததும் எனக்கு மெமோ. அதிகாரம் இல்லாமல் உத்தரவு பிறப்பித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, ஃபிட்டரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தியது. உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் மூடினாராம். உடைப்பை மண்வெட்டியோடு இறங்கித் தோண்டியவரும் அவர்தான்.

அவர் வீட்டைத் தேடிப் போனேன். சர்ச் பக்கத்துச் சந்தில் ஓட்டு வீடு. அவர் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். இன்ஸ்பெக்டருக்குத் தெரியும் என்று நான் சொன்னது பொய் என்றேன்.

"அது அப்பவே தெரியும்மா," என்றார் ஃபிட்டர். "அவருக்குத் தெரிஞ்சிருந்தா நீங்க எதுக்கு நடந்து வாறீக?"

என் விளக்கத்தில் அந்தப் பொய்யையும் எழுதினேன். அவர் என் சொல்லை நம்பித்தான் மூடினார், குற்றம் முழுவதும் என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வேலை போய்விடும் என்று கணவர் பயந்தார்; நானும்தான். ஆய்வாளர் தனியாக ஒரு அறிக்கை கொடுத்தாராம். அதில் என்ன எழுதினார் என்று கடைசிவரை சொல்லவில்லை. எனக்குக் கண்டனம் மட்டும் வந்தது. ஃபிட்டரை ஆடி பிறந்த பிறகுதான் திரும்ப எடுத்தார்கள். அதற்குள் அவர் சின்னமனூரில் ஒரு லாரி செட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அந்தக் கோடை முழுவதும் சாவு பதிய யார் வந்தாலும் முதலில் தெருவின் பெயரைத்தான் கேட்டேன். பிறகு படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியும் கேட்பேன்: எந்தக் குழாய்த் தண்ணீர் குடித்தார்? சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள் எரிச்சல்பட்டார்கள். ஒருவர் மேலே புகாரே கொடுத்தார். இரண்டாவது பதிவை எழுதிய அன்றே இதைக் கேட்டிருந்தால் அந்த மூன்று வயதுப் பையன் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. கேட்பதை மட்டும், அந்த இருக்கையில் இருந்தவரை, நான் நிறுத்தவில்லை.