போமன்வில்லில் திரும்பிய வான்

போன ஞாயிறு, பின்னேரம் நாலு மணி பதினேழு நிமிடம்.

நேரம் இவ்வளவு துல்லியமாக எப்படி நினைவிருக்கிறது என்று கேட்கிறீர்களா? போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் என் மகள் ஒரு நீலப் புள்ளியாக 401 நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். மல்வேர்னில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இறங்க வேண்டிய எக்சிற் வந்தது. புள்ளி இறங்கவில்லை.

"உவள் எங்கை போறாள்?" என்றாள் மனைவி, என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து.

அஜக்ஸ் ஊரைத் தாண்டிப் போனது. விற்பி போனது. ஒஷாவா…

இன்றைக்குச் செவ்வாய். இன்னும் அந்தப் புள்ளியைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

ஆரணிக்குப் பத்தொன்பது வயது. மூன்று வருடமாக ஒரு ரொக் பாண்டில், இசைக்குழுவில், ட்ரம்ஸ் அடிக்கிறாள். ரேடியோவில் வருகிற பாண்ட் இல்லை. அண்டர்கிரவுண்ட் என்பார்களே, அந்த வகை. ஏதாவது ஒரு கடைக்குக் கீழே, பேஸ்மென்றில், ஞாயிறு மத்தியானம் நாலு பாண்ட் வாசிக்கும். ஐம்பது, அறுபது பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பார்கள். நான்தான் கொண்டுபோய் விடுவேன். முடியும்வரை வெளியே காருக்குள் இருப்பேன். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. ஐம்பத்திரண்டு வயதுக்காரனுக்கு அங்கே என்ன வேலை?

அன்று எனக்குக் காய்ச்சல். "சப்வேயிலை வாறன் அப்பா, நீங்கள் படுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். சப்வே எப்போதிருந்து ஒஷாவாவுக்குப் போகிறது? பிள்ளை யாருடைய வாகனத்தில் இருக்கிறாள்? வெளியே பனி வேறு கொட்டத் தொடங்கியிருந்தது.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. பதினொரு தடவை.

"அவளின்ர கூட்டாளியள் ஆருக்காவது அடியுங்கோவன்."

"நம்பர் இல்லை."

"மூண்டு வருசமா ஏத்தி இறக்கிறீங்கள். ஒரு நம்பர் இல்லையோ?"

இல்லை. வயலின் ரீச்சரின் நம்பர் இருந்தது. கணித ரியூஷன்காரரின் நம்பர், அவருடைய மனைவியின் நம்பர் இரண்டும் இருந்தன. எட்டு வருடத்துக்கு முன்னர் நிறுத்திய நீச்சல் வகுப்பின் நம்பர்கூட இருந்தது. நாங்கள் சேர்த்துவிட்ட இடங்களின் நம்பர் எல்லாம் இருந்தது. அவளாகத் தேடிப் போன இடத்தின் நம்பர் மட்டும் இல்லை. நீங்களும் உங்கள் போனை ஒருமுறை திறந்து பாருங்கள்… சும்மா சொல்கிறேன்.

அவளுடைய அறைக் கதவில் அந்த ஷோவின் போஸ்டர் ஒட்டியிருந்தது. கையால் எழுதி, போட்டோகொப்பி எடுத்தது. நாலு பாண்டின் பெயர்கள். பெயர்களை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். இன்ரநெற்றில் தேடி நாலு பாண்டின் பக்கங்களுக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன்: "நான் ஆரணியின் அப்பா. அவள் போன் எடுக்கிறாள் இல்லை. தயவுசெய்து யாராவது…"

அதற்கு மேல் எழுத வரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன். புள்ளி ஒஷாவாவுக்கும் அப்பால், போமன்வில்லில் நின்றது.

இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. முகம் தெரியாத ஒரு பிள்ளையிடமிருந்து பதில்: "ஆரணி இங்கேதான் நிற்கிறாள். நிலம் துடைத்துக்கொண்டிருக்கிறாள். உங்களுக்குப் போன் எடுத்து அவளிடம் தரவா?"

ஓம் என்று எழுதினேன், உடனே போன் அடித்தது. மனைவி போனைப் பறித்துக் காதில் வைத்தாள். பிள்ளையின் குரல்தான் என்று கேட்டதும் என்னிடம் தந்தாள்.

"அப்பா? என்ர போனைக் காணேல்லை. ஒரு மணித்தியாலமாத் தேடுறன்."

"நீ போமன்வில்லிலை நிக்கிறாய்!"

"வாட்?"

"ஆற்றையாவது போனிலை எடுத்துச் சொல்லியிருக்கலாமே பிள்ளை?"

"உங்கட நம்பர் எனக்குப் பாடமில்லை அப்பா. ஸொறி."

நடந்தது இதுதான். இந்த ஷோக்களில் நாலு பாண்டும் நாலு ட்ரம்ஸ் கொண்டுவருவதில்லை. ஒருவர் கொண்டுவருவார், எல்லோரும் அதில் அடிப்பார்கள். அன்றைக்கு ஆரணியின் ட்ரம்ஸ்; முதல் நாளே கொண்டுபோய் வைத்தது, இன்னும் அங்கேதான் நிற்கிறது. மொன்றியலில் இருந்து வந்த பாண்டில் அடிக்கிற பெண்ணுக்குக் குச்சி உடைந்துபோக, இவள் தன் குச்சிப் பையை அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறாள். சத்தத்தை நிறுத்திய போன் அந்தப் பையின் பக்கப் பொக்கற்றுக்குள். முடிந்ததும் அவசரத்தில் பை மொன்றியல்காரர் வந்த வான் வண்டியில் ஏறிவிட்டது. பெற்றோல் அடிக்கப் போமன்வில்லில் இறங்கியிருக்கிறார்கள்.

அடுத்த செய்தி அந்த வானிலிருந்தே வந்தது. "பை எங்களிட்டை இருக்கு அங்கிள். கொண்டுவாறம்." எழுதியவள் ஜெனிஷா — குச்சி உடைந்தவளேதான். தமிழ்ப் பிள்ளை என்று அப்போதுதான் தெரியும். வேண்டாம் மகள், பனி கொட்டுது, மொன்றியலுக்கு இன்னும் ஐந்து மணித்தியாலம் ஓட வேண்டும், தபாலில் அனுப்புங்கோ என்று எழுதினேன்.

"ஏற்கனவே திரும்பிட்டம்" என்று வந்தது பதில்.

காத்திருந்த நேரத்தில் ஒன்றை யோசித்தேன். கலியாண மண்டபங்களில் சாப்பாட்டு நேரம் போடுகிறார்களே புதுச் சினிமாப் பாட்டுகள், கவனித்திருக்கிறீர்களா? கிற்றார் உறுமும். முதல் வரிகள் முணுமுணுப்பாக வரும், பல்லவியில் திடீரென்று வெடிக்கும். பாடுகிறவரின் மூச்சுக்கூடக் கேட்கும். காரில் போகும்போது இப்படி ஒன்று வந்தால், "உது எங்கட ஆக்கள் செய்தது அப்பா" என்பாள் ஆரணி. அவள் பிறப்பதற்கு முன்னர் எங்கோ ஒரு பேஸ்மென்றில் வாசித்த யார் யாரோ எல்லாம் அவளுக்கு எங்கட ஆக்கள்!

முந்தி ஸ்டூடியோவில் குரல் நடுங்கினால் திரும்பப் பாட வைப்பார்கள். பேஸ்மென்ற் பாண்டுகளுக்குத் திரும்பப் பாட நேரமும் இல்லை, இடமும் இல்லை. நடுங்கினது நடுங்கினபடியே பதிவானது. கேட்டவர்களுக்கு அதுதான் பிடித்தது. பெரிய கம்பனிகள் கீழே இறங்கி வந்து அதைக் கேட்டன, தூக்கிக்கொண்டு மேலே போயின. இப்போது உலகப் புகழ் பெற்றவர்கள்கூடப் பெரிய ஸ்டூடியோவில் இருந்துகொண்டு, பேஸ்மென்றில் பாடுகிற மாதிரிக் கேட்க வேண்டும் என்று பாடுபடுகிறார்கள். இதையெல்லாம் எனக்கு அவள்தான் சொல்லித் தந்தாள். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறேன்.

ஆனால் மேலே போனது சத்தம் மட்டும்தான் என்று நினைக்கிறேன். இன்னொருவருக்குத் தன் ட்ரம்ஸைக் கொடுப்பது, முடிந்ததும் நின்று நிலம் துடைப்பது, முகம் தெரியாத ஒரு தகப்பனுக்கு இரண்டு நிமிடத்தில் பதில் எழுதுவது… இதெல்லாம் இன்னும் பேஸ்மென்றிலேயே இருக்கிறது. மூன்று வருடமாக என் பிள்ளை அதற்குள் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறாள். நான்தான் வெளியே இருந்து பயந்துகொண்டிருந்தேன்.

ஆறரைக்கு பஸ்ஸால் இறங்கி வந்தாள் ஆரணி. நான் ரோட்டில் நின்றேன்.

"என்னப்பா, காய்ச்சலோட பனிக்குள்ளை? ஆரும் செத்திட்டினமோ?"

ஏச வேண்டும் என்று ஆயத்தமாகத்தான் நின்றேன். பிள்ளையைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். "அப்பா… ஓகே, ஓகே" என்று முதுகில் தட்டினாள். மனைவி வாசலில் நின்று, இரண்டு பேரையும் சேர்த்து ஏசினாள்.

ஏழு மணியாகும்போது வான் வந்தது. பின்கதவில் ஒரு பக்கம் கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே நாலு பிள்ளைகள். பச்சைத் தலைமயிரோடு ஒருத்தி பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இறங்கினாள். ஜெனிஷா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்றேன். காலையில் வேலை என்றாள். மனைவி ஓடிப்போய் ஒரு பெட்டி நிறையப் பொரித்த றோல்ஸ் கொண்டுவந்து வானுக்குள் திணித்தாள்.

நன்றி என்ற சொல்லை எத்தனை தடவைதான் சொல்வது? சொல்லிக்கொண்டே நின்றேன். வானில் ஏறிக் கதவைச் சாத்தப் போன ஜெனிஷா திரும்பி என்னை வடிவாக உற்றுப் பார்த்தாள்.

"அங்கிள், நாங்கள் வாற ஒவ்வொரு முறையும் வெளியிலை காருக்குள்ளை இருக்கிறது நீங்கள்தானே? அடுத்த மாசம் ஆரணியாக்கள் மொன்றியலுக்கு வாசிக்க வருகினம். நீங்களும் வாங்கோ, உள்ளை வாங்கோ. எங்கட ஷோவுக்கு வயசு பாக்கிறேல்லை."