ஆடாத மெஷின்

என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் டீ-ஷர்ட்டிலேயே வர ஆரம்பித்தபோது, வயசு திரும்புகிறதாக்கும் என்று நான் கிண்டல் செய்தேன். அவரும் சிரித்து மழுப்பிவிட்டார். சட்டைப் பொத்தான் போட விரல் வரவில்லை என்று அந்த மனிதர் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறாரே என்று நானாகக் கவனித்து, சண்டை போட்டு, வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டார், ஊசி முனையால் லேசாகக் குத்தினார், எந்த விரல் என்று கேட்டார். இவர் பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னார். புல் வெட்டும் மெஷினின் அதிர்வுதான் காரணமாம். அதை நிறுத்தினால் மிச்சமிருக்கிற உணர்ச்சியாவது தங்கும், இல்லாவிட்டால் அதுவும் போய்விடும், அப்புறம் தன்னிடம் மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த மெஷின்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஆம்பூர் பக்கத்தில் ஒரு தோல் கம்பெனி. தோல் பதனிடுவதும் ஷூ தைப்பதும் ஒரே காம்பவுண்டில் நடக்கும். அங்கே புல்வெளி, வேலி ஓரம், கால்வாய் ஓரம் எல்லாம் எங்கள் காண்ட்ராக்ட். நான் முன்பு அதே கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தவள் என்பதால் பேசுவதும் ஆள் சேர்ப்பதும் என் பொறுப்பு. பெட்ரோல் பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெட்டுவது அவர் பொறுப்பு. வெட்டியதை வார இரண்டு பெண்கள் வருவார்கள். ஆலையில் சுத்திகரித்த தண்ணீரைத்தான் அங்கே புல்லுக்கு விடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் இருக்கிற உப்புக்கு மெத்தென்ற புல்லெல்லாம் வராது. அருகும் கோரையும்தான் வரும், அதுவும் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வரும். அதை வெட்டுகிற அளவு தெம்புள்ள மெஷின் ஆடத்தான் செய்யும். வருஷக்கணக்காக அந்த ஆட்டம் அவர் கையில் இறங்கியிருக்கிறது.

டாக்டர் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்தவர், மறுநாளே மெஷினை மாட்டிக்கொண்டார். வேறு ஆள் போடலாம் என்றேன். முறைத்தார். காண்ட்ராக்டையே விட்டுவிடலாம் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இவர் வெட்டினால் தரை ஷேவ் பண்ணிய மாதிரி இருக்கும் என்று வாணியம்பாடி வரைக்கும் பேர் இருந்தது. அந்தப் பேரைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் உட்காரச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் அந்த எஞ்சின் சத்தம் கிளம்பும்போது டாக்டர் சொன்னதுதான் என் காதில் விழும்.

அந்த நேரத்தில்தான் கம்பெனி மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அடிக்கடி பார்வையிட வருகிறார்களாம். இனிமேல் புகை விடுகிற, இரைச்சல் போடுகிற மெஷின் காம்பவுண்டுக்குள் கூடாதாம். பேட்டரி மெஷினுக்கு மாறுங்கள், மாற முடியாவிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார். என் வீட்டுக்காரரின் முகம் சுண்டிப்போனது. எனக்கோ உள்ளுக்குள் ஸ்தோத்திரம் சொல்லத் தோன்றியது. டாக்டர் பேச்சைத் தட்டலாம், என் பேச்சைத் தட்டலாம், கம்பெனி பேச்சைத் தட்ட முடியுமா? பேட்டரி மெஷின் அவ்வளவாக ஆடாது என்று கேள்விப்பட்டிருந்தேன். கையும் பிழைக்கும், வேலையும் நிலைக்கும். எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

மெஷின் பார்ப்பது பெண் பார்ப்பதைவிடப் பேஜார் என்று அப்புறம்தான் தெரிந்தது. வேலூர்க் கடையில் முதலில் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். பார்க்க அழகு. வீட்டு வாசலில் நாலு செடியைச் சுற்றி வெட்டுவதற்கானது. எங்கள் கோரையைப் பார்த்தால் அழுதுவிடும். இரண்டாவதில் பேட்டரியை மூட்டை மாதிரி முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டும். நாள் பூராவும் ஓடும் என்றார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு யார் நடப்பது? மூன்றாவதில் பேட்டரி மெஷினின் வாலில் உட்கார்ந்துகொள்ளும், தோளில் தொங்கவிட்டால் எடை இரண்டு பக்கமும் சமமாக நிற்கும். ஒரு பேட்டரி ஓடும்போது இன்னொன்று சார்ஜ் ஏறும். பழுது பார்ப்பதற்கும் வேலூரிலேயே ஆள் உண்டு, சென்னைக்கு அனுப்ப வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்துப்போனது.

கடை ஆள் அதன் கைப்பிடியைக் காட்டினார். மேலே ஒரு பட்டை, அதை உள்ளங்கை அழுத்தியிருக்க வேண்டும். கீழே ஒரு விசை, அதை விரல் அழுத்தியிருக்க வேண்டும். இரண்டில் எது தளர்ந்தாலும் மெஷின் உடனே நின்றுவிடும். பாதுகாப்புக்காக அப்படி. அந்த விசையைக் கட்டி வைக்க முடியுமா என்று இவர் கேட்டார். பெட்ரோல் மெஷினில் விசையைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டு வெட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். விரல் வலிக்காது, மெஷின் தானாக ஓடிக்கொண்டிருக்கும். இதில் கட்டவே கூடாது என்று கடை ஆள் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. வாங்க வந்த இடத்தில் நொட்டை சொல்கிறாரே என்று எனக்குச் சுள்ளென்று வந்தது.

சனிக்கிழமை வரை வைத்து ஓட்டிப் பாருங்கள், அன்றைக்கு வந்து பார்க்கிறேன் என்று கடை ஆள் மெஷினைக் கொடுத்து அனுப்பினார். மேனேஜரும் சனிக்கிழமை நேரில் பார்த்து முடிவு சொல்வதாகச் சொன்னார்.

முதல் நாள் நான் ஆபீஸ் பக்கம் செடிகளோடு இருந்தேன். இவர் தனியாகக் கால்வாய் ஓரத்தில் வெட்டப் போனார். மதியம் திரும்பி வந்து, இது விளையாட்டுச் சாமான், நின்று நின்று போகிறது என்று மெஷினைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். பேட்டரியைத் தொட்டேன், சுட்டது. சார்ஜரில் போட்டால் சிவப்பு விளக்கு எரிந்தது, சூடு இறங்காமல் சார்ஜ் ஏறாதாம். எங்கள் ஊர் வெயிலில் சூடு எப்போது இறங்குவது? மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு பேட்டரியில் ஒன்றைக் காணோம். தேடித் தேடி, கடைசியில் பச்சைத் தோல் குடோனில் கண்டுபிடித்தேன். ஆலைக்கு வருகிற தோலை அழுகாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்கி வைக்கிற இடம் அது. உப்பு மூட்டையின் மேல் பேட்டரி உட்கார்ந்திருந்தது. மெஷினோடு சேருகிற பித்தளைத் தகட்டிலெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

"நீங்க தான் வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

"காம்பவுண்டுலயே அங்கதான் ஜில்லுனு இருக்கும்" என்றார்.

அது உண்மைதான். வெயில் காலத்தில் அந்தக் குடோன் வாசலில் உட்கார்ந்து சாப்பிடாதவர்கள் கம்பெனியில் கிடையாது. ஆனால் தோலுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு உப்பு இரும்பையே தின்னும் என்று தெரியாதா? மெஷினைக் கெடுத்துத் திருப்பி அனுப்பத்தான் இப்படிச் செய்தார் என்று என் மனசு அடித்துச் சொன்னது. கேட்டால் சண்டைதான் வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தகட்டைத் தேய்த்துத் துடைத்தேன். தேய்க்கத் தேய்க்க ஆத்திரம் ஏறியது. உன் கைக்காகத்தானே ஐயா நான் இந்தப் பாடு படுகிறேன் என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

சனிக்கிழமை காலை கடை ஆள் வந்தார். உப்பு விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் மாறியது. உப்பு உள்ளே இறங்கியிருந்தால் கேரண்டி நிற்காது என்றார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்து வேப்பமர நிழலில் நின்றார். புல் வாரும் பெண்கள் தூரத்தில் நின்றுகொண்டார்கள். என் வீட்டுக்காரர் மெஷினை மாட்டிக்கொண்டு கோரைக்குள் இறங்கினார்.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. நாலு வீச்சு வெட்டினார், புல் அழகாகச் சாய்ந்தது. மெஷின் நின்றது. மறுபடி அழுத்தினார், ஓடியது, மூன்று வீச்சில் நின்றது. கடை ஆள் பேட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடி நின்றது. இன்னொரு பேட்டரியை, உப்புப் பக்கமே போகாததை மாட்டினார். அதுவும் நின்றது. மேனேஜர் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடை ஆள் மெஷினைத் தானே வாங்கி மாட்டிக்கொண்டு வெட்டினார். வேலி ஓரம் வரைக்கும் ஒரு தடவைகூட நிற்காமல் போய்த் திரும்பி வந்தார். இவரிடம் கொடுத்தார். இரண்டு வீச்சு, நின்றது.

வேண்டுமென்றே செய்கிறாரோ என்று நான் கிட்டே போனேன். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். மேல் பட்டையிலிருந்து உள்ளங்கை லேசாகத் தூக்கியிருந்தது. விரல் விசையை விட்டு நழுவியிருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். கை அவருக்குத் தெரியாமலேயே தளர்ந்து கிடந்தது.

கடை ஆளும் அதைப் பார்த்துவிட்டார். என்னைப் பார்த்தார், உடனே தலையைக் குனிந்துகொண்டார். மெஷின்மேல் பழி வராமல் இருக்க அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மனிதரை நான் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

"இன்னாங்க, கை விட்டுடுதா?" என்று நான் மெதுவாகக் கேட்டேன், மேனேஜர் காதில் விழாமல்.

"பழசு ஆடும்" என்றார். "ஆடுனா தான் புடிச்சிருக்கேன்னே தெரியும் எனக்கு. இது ஆடவே இல்ல. கையில இருக்குதா இல்லையான்னே தெரில."

டாக்டர் அதிர்வை நிறுத்தச் சொன்னார், நான் ஊரெல்லாம் அலைந்து அதிர்வில்லாததைக் கொண்டுவந்து கொடுத்தேன். டியூபால் கட்டிய விசையும் எஞ்சினின் ஆட்டமும்தான் இத்தனை நாள் அவர் கையைத் தாங்கியிருக்கின்றன. முதல் நாளே நின்று நின்று போகிறது என்றாரே, அது நொட்டை இல்லை. பேட்டரி சூடானதால்தான் நிற்கிறது என்று நம்பி, அதைக் குளிர்விக்க இடம் தேடியிருக்கிறார். எப்படியாவது இந்த மெஷின் ஓட வேண்டும் என்றுதான் அவரும் தவித்திருக்கிறார்.

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. நிழலை விட்டு வெளியே வந்தார்.

"ப்ராப்ளம் மெஷின்லயா, ஆள்லயா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

உப்பின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. வேறு மெஷின் கொண்டுவருகிறோம், ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டு இழுத்தடிக்கலாம். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பேசிவிட்டார்.

"மெஷின் நல்ல மெஷின் சார். என் கைதான் போச்சு."

அத்தனை பேர் எதிரில், சாப்பாடு ஆச்சு என்று சொல்கிற மாதிரி சொன்னார். வாரும் பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் தோள் பெல்ட்டைக் கழற்ற முயன்றார், கொக்கி விரலுக்கு வசப்படவில்லை. நான் கழற்றிவிட்டேன். மெஷினை வாங்கிக் கீழே வைக்கப் போனேன். அவர் விடவில்லை. கடை ஆளைப் பார்த்து, பெல்ட்டை இவ தோளுக்கு அளவு வையுங்க என்று என்னைக் காட்டினார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நானா கேட்டேன் இதை? இந்த மனிதர் இந்த வேலையில் நிற்க வேண்டும் என்றுதானே அலைந்தேன், அவர் இடத்தில் நான் நிற்கவா அலைந்தேன்? ஆனால் அவர் என்னைக் கெஞ்சுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

முதல் வரிசை கோணல்மாணலாகப் போனது. அவர் என் பக்கத்திலேயே நடந்து வந்தார். தோளை இறக்கு, இடுப்பைத் திருப்பு, கையால் வீசாதே என்று சொல்லிக்கொண்டே வந்தார். திரும்பி வரும்போது வரிசை கொஞ்சம் நேரானது. மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. வேப்பமரத்தடியில் மேனேஜர் கடை ஆளிடம் ஏதோ கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வேலி ஓரத்தில் கோரை அடர்த்தியாக இருந்த இடத்துக்கு வந்தோம். பிளேடு அதில் இறங்கியதும் கைப்பிடி வழியாகச் சன்னமாக ஒரு அதிர்வு வந்தது. பையில் செல்போன் அடிக்கிற அளவுதான். உள்ளங்கையில், மணிக்கட்டில், ஒவ்வொரு விரல் நுனியிலும் அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"கையில இன்னாவாச்சும் தெரியுதா?" என்று கேட்டார்.

என் கையும் தன் கை மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்துதான் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"ஒண்ணும் தெரியலங்க" என்றேன்.

அவர் மூச்சை விட்டார். முகத்தில் இத்தனை நாள் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

"அப்ப சரி" என்றார். "இதையே வாங்கிடு."