சோற்றுக்கு முந்திய பியர்

1. மிஞ்சிய இரண்டு கெக்

தென் லண்டனில், ரயில் பாலத்தின் வளைவு ஒன்றுக்குள் இயங்கும் சிறிய பியர் ஆலையில் வேலை செய்கிறேன். படித்தது வேதியியல். சேர்ந்தது ஆலையின் ஆய்வுகூடத்தில்: ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா, நொதித்தல் எங்கே நிற்கிறது, பியர் நொதிக்கும் தாங்கியைக் கழுவியது சரியா என்று பார்ப்பது. இரண்டாம் வருடம் என் சொந்த ரெசிப்பி ஒன்றைக் காய்ச்ச அனுமதி கிடைத்தது.

நான் காய்ச்சியது மைல்ட். பழுப்பு நிறம், குறைந்த கசப்பு, நன்றாக வாட்டிய பாண் ரொட்டியின் மணம், மது அளவும் குறைவு. இங்கிலாந்தின் பழைய வகை. ஆலையோடு ஒட்டிய எங்கள் கடைக்கு வருகிறவர்களோ ஹொப்ஸ் பூவின் மணமும் கசப்பும் தூக்கலான ஐபிஏ என்ற பியரைத்தான் கேட்பார்கள். ஆறு வாரம் ஆகியும் என் மைல்டில் இரண்டு கெக், அதாவது இரண்டு பீப்பாய், அசையவில்லை.

ஆலையின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் கிளேர். அதிகம் பேச மாட்டார். "இந்த இரண்டும் காலியானால் மறுபடி காய்ச்சலாம். காலியாகாவிட்டால் ரெசிப்பியை மூடிவை" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. விற்காத பியருக்குத் தாங்கியை ஒதுக்க முடியாது.

2. லிஸ்ட்

அந்த வாரம்தான் சிவம் அண்ணை வந்தார். ஜேர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர். மனைவி ராணி அக்காவோடு சேர்ந்து விழாக்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழில். தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் பியர் வேண்டும் என்றார்.

"நான் பதினெட்டு வருஷம் ஜேர்மனியில இருந்தனான், பிள்ளை. பியரைப்பற்றி எனக்குப் படிப்பிக்க வேண்டாம். நல்லாக் கசக்கிற சாமானாத் தாரும்."

நான் வாதாடவில்லை. ஒரு கிளாஸ் ஐபிஏவும், மிளகாய்த்தூள் போட்ட கச்சான் கடலையும் முன்னால் வைத்தேன். இரண்டு வாய்க்குள் நெற்றி வேர்த்துவிட்டது.

"என்ன பிள்ளை, கச்சானுக்கு இவ்வளவு உறைப்போ?"

"கச்சான் அதேதான் அண்ணை. கசப்பும் மதுவும் கூடினால் உறைப்பு ஏறும். உங்கட நண்டுக் கறியோட இதைக் குடுத்தால் சனம் அழும்."

"சரி, சரி. நீர் லிஸ்டைப் போடும்."

லிஸ்ட் போடுவது எனக்குப் பிடித்த வேலை. வேறு எங்கிருந்தும் பார்த்து எழுதாமல், ராணி அக்கா கொடுத்த சாப்பாட்டு விபரத்தைப் பார்த்து நானே எழுதினேன்.

முதலில், எண்ணெயில் பொரித்த றோல்ஸ், பட்டீஸ்: பில்ஸ்னர். எண்ணெயை வாயிலிருந்து கழுவிவிடும்.
அடுத்து, மீன் கட்லெட், இறால் பொரியல்: வீட் பியர், அதாவது கோதுமைப் பியர். எலுமிச்சை பிழிந்தது போல் இருக்கும்.
கடைசியாக, சோறும் ஆட்டிறைச்சிக் குழம்பும்: மைல்ட். வறுத்த பார்லி மோல்டும் வறுத்த கறித்தூளும் ஒரே திசையில் போகும், உறைப்பும் ஏறாது.

சிவம் அண்ணை மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "சோத்தோடயோ?"

எந்தச் சோறு என்று கேட்கிறார் என நினைத்து, சம்பா அரிசியின் மாப்பொருளையும் மோல்டின் இனிப்பையும் பற்றி ஐந்து நிமிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படிச்ச பிள்ளை சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று எழும்பினார்.

3. மூன்றரை மணி

விம்பிள்டனுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். சனிக்கிழமை, பன்னிரண்டு மணிக்குத் தொடக்கம், ஐந்தரைக்கு மண்டபத்தை விடவேண்டும். பின்கதவுக்குப் பக்கத்தில் எனக்கு மேசை தந்தார்கள். பில்ஸ்னர் நன்றாகப் போனது. வீட் பியரைக் குடித்துவிட்டு சிவம் அண்ணை எல்லோருக்கும் ஜேர்மன் மொழியில் ஏதோ சொன்னார். மைல்ட் கெக் இரண்டையும் திறக்காமல், குளிராக, சோற்றுக்காக வைத்திருந்தேன்.

மூன்றரைக்கு ராணி அக்கா சமையல் நடந்த குசினியிலிருந்து எட்டிப்பார்த்து, "சாப்பாட்டை வைக்கட்டே?" என்று கேட்டார். உடனே ஆண்கள் எல்லோரும் கிளாஸில் இருந்ததை ஒரே மடக்கில் முடித்து, வெறும் கிளாஸை என் மேசையில் அடுக்கத் தொடங்கினார்கள்.

"அண்ணை, கிளாஸை வச்சிருங்கோ. அடுத்த பியர் இப்பத்தான் திறக்கப்போறன்" என்றேன் ஒருவரிடம்.

"இனி எங்கை தங்கச்சி? சோறு வருகுதல்லே!"

அப்போதுதான் விளங்கியது. எங்கள் கொண்டாட்டங்களில் குடி முதல், கூடவே கொறிக்க பைட்ஸ், சோறு கடைசி. சோற்றில் கை வைத்தால் குடி முடிந்தது. கை கழுவினால் வீட்டுக்குப் போவது. சிறுவயதிலிருந்து பார்த்ததுதான். ஆனால் நான் எப்போதும் அம்மாமாரின் மேசையில், ஆண்கள் குடிக்கும் பின்கதவுக்கு முதுகு காட்டி இருந்தவள். பியரைச் சாப்பாட்டோடு சேர்ப்பதை நான் படித்த இடத்தில், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கிளாஸ் என்றுதான் சொல்லித் தந்தார்கள்.

சிவம் அண்ணையிடம் ஓடினேன். "நீங்கள் அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே!"

"கேட்டனானெல்லே, சோத்தோடயோ எண்டு! நீர் அரிசியைப் பற்றிப் பாடம் எடுத்தீர்."

4. குழம்பும் பிரட்டலும்

சோறு வைக்கமுன் எனக்கு நாற்பது நிமிடம் வேண்டும் என்றேன். "பசியில சனம் என்னைத் திண்டுபோடும்" என்றார் சிவம் அண்ணை. நான் குசினிக்குப் போய் ராணி அக்காவிடம் விசயத்தை அப்படியே சொன்னேன்: இரண்டு கெக், கிளேர் சொன்னது, லிஸ்டில் விட்ட பிழை.

அவர் கையைத் துடைத்தார். "உன்ர பியருக்கு இறைச்சிதானே வேணும்? சோறு வேணுமெண்டு இல்லையே?"

"இல்லை அக்கா. இறைச்சி இருந்தால் காணும்."

"அப்ப ஏன் பயப்பிடுறாய்? குழம்பெண்டால் சோத்துக்கு. பிரட்டலெண்டால் பைட்ஸ்."

ஒரு தட்டு இறைச்சியைக் குழம்பிலிருந்து வடித்து, பெரிய தாச்சியில் வெங்காயம், கறிவேப்பிலையோடு போட்டு வற்ற வைத்தார். பத்து நிமிடத்தில் மண்டபம் முழுக்க மணம். சோறு கொஞ்சம் சுணங்கித்தான் வரும் என்று யாரும் அறிவிக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. அடுக்கிய கிளாஸ்களை ஆண்கள் திரும்ப எடுத்தார்கள்.

ஆனால் அவர்கள் ஏற்கெனவே நிறையக் குடித்திருந்தார்கள். முதல் கெக்கே பாதியில் மெதுவாகிவிட்டது. அப்போது எதிர்ப்பக்கத்து மேசைகளைப் பார்த்தேன். கிட்டத்தட்ட நாலு மணிநேரமாக அங்கே சோடா மட்டும். என் மேசை ஆண்களின் மூலையில் இருந்ததால் ஒரு பெண்ணும் கிட்ட வரவில்லை. ஜக்கில் மைல்டை நிரப்பி, சின்னக் கிளாஸ்களோடு நானே அங்கே போனேன்.

"பியரோ? ஐயோ, கசக்கும்" என்றார் சிவம் அண்ணையின் மச்சாள்.

"ஒரு வாய் பாருங்கோ. பிடிக்காட்டி வையுங்கோ."

ஒரு வாய் குடித்தார். கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். "இது வேற சாமான். பிள்ளை, அந்த இறைச்சியையும் இஞ்சால தள்ளும்."

அவருடைய கணவர் தூரத்திலிருந்து, "என்னப்பா, நீரும் தொடங்கிட்டீரோ?" என்று கத்தினார்.

"ட்ராமிலதானே போறம், கார் ஓடத் தேவையில்லையே? நீங்கள் பேசாமல் இருங்கோ!"

மேசை முழுக்கச் சிரிப்பு. அதன் பிறகு நான் ஜக்கோடு பத்துத் தடவைக்கு மேல் நடந்தேன். நாலரைக்குச் சோறு வந்தது. அந்த அண்ணை சொன்னபடியே, சுவிட்சை அணைத்தது போல எல்லோரும் கிளாஸை வைத்தார்கள்.

5. திங்கட்கிழமை

முதல் கெக் காலி. இரண்டாவதில் மூன்றிலொரு பங்கு மிச்சம். கிளேர் அதைத் தூக்கி ஆட்டிப்பார்த்தார். "இது காலியில்லை."

மறைக்க ஒன்றுமில்லை. நடந்ததைச் சொன்னேன். பெண்கள் மேசைப் பகுதியை அவர் இரண்டு தடவை சொல்ல வைத்தார். "அதாவது, பியர் குடிக்காதவர்கள் அரை மணிநேரத்தில் இவ்வளவு குடித்தார்கள்" என்றார். பிறகு மிச்சத்தில் ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றினார். குடித்து முடித்துவிட்டு, தாங்கிகளின் அட்டவணைப் பலகையில் அடுத்த மாத இடம் ஒன்றில் என் பெயரை எழுதினார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்தப் பியர் எந்தக் கறிக்கு என்பதைப் படித்துவிடலாம்; அதற்குப் புத்தகம் உண்டு, நாக்கு உண்டு. அதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள், சாப்பிட்ட பிறகு இருப்பார்களா, உங்கள் மேசையை எங்கே போடுவார்கள். வாடிக்கையாளர் லிஸ்டில் ஒரு வரியைத் தொட்டு ஒற்றைச் சொல்லில் சந்தேகம் கேட்டால், விளக்கம் சொல்லத் தொடங்காமல், "ஏன் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

பின்னேரம் சிவம் அண்ணை எனக்குப் போன் எடுத்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு கலியாண வரவேற்பாம், சமையல் அவர்களுடையதுதான்.

"அந்த மண்ணிறப் பியர் நாலு கெக் வேணும். ராணி சொல்லுறா, பொம்பிளையளின்ர பக்கத்துக்குத் தனி மேசை போடட்டாம்."