கஞ்சி ஊட்டும் தேர்வு

ஒருவரை ஒன்றைச் செய்ய வைப்பதாகச் சொல்லும் வினை வடிவம் ஜப்பானிய மொழி படிக்கிறவர்களைப் பாடாய்ப் படுத்தும். எனக்கு முதல் வகுப்பிலேயே பிடிபட்டுவிட்டது. தபேரு என்றால் சாப்பிடுவது, தபேசசேரு என்றால் சாப்பிட வைப்பது. உண், ஊட்டு என்று நம்மிடம் இல்லாததா? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியறையில் நடந்த அந்த வகுப்பிலும் நான்தான் முதல் என்ற தலைக்கனம் இருந்தது.

ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்காகப் படித்துக்கொண்டிருந்தோம். தேர்வுக்கு வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துப் போக வேண்டும். அவரை உட்கார வைத்து, கஞ்சி ஊட்டி, வாய் துடைத்து, செய்வதையெல்லாம் ஜப்பானிய மொழியில் சொல்ல வேண்டும். தேறினால்தான் நேர்காணலுக்குப் பெயர் போகும். அம்மா நூல் மில்லில் லீவு சொல்லிவிட்டு வடமதுரையிலிருந்து என்னோடு பஸ் ஏறினாள்.

வாக்கியம் ஒன்றும் பிசகவில்லை. கரண்டியை நீட்டினேன். சொம்புத் தண்ணீர் குடிப்பதுபோல அம்மா அண்ணாந்து வாயைத் திறந்தாள். நான் டீச்சரின் முகத்தைப் பார்த்தபடி வாக்கியத்தை முடித்துக்கொண்டே கரண்டியைச் சாய்த்தேன். கஞ்சி நேரே தொண்டைக்குள் இறங்கிப் புரையேறியது.

"ஊட்டச் சொன்னா ஊத்துறா பாரு" என்றாள் பின்னால் ஒருத்தி. அறையே சிரித்தது.

அம்மா கண்ணில் நீர் வர இருமினாள். "கரண்டிய வாய்ல வச்சு வாங்கும்மா. இம்புட்டுப் பேர் முன்னாடி ஏன் இப்படிப் பண்ற?" என்றேன்.

"அடுத்த ஆளுக்கும் இதே கரண்டிதான தாயி. எச்சி படலாமா?"

டீச்சர்தான் எழுந்து வந்து அவளைக் குனிய வைத்து முதுகைத் தடவினார். "வயசானவங்களுக்கு இப்படி ஆனா உயிருக்கே ஆபத்து. இலக்கணமெல்லாம் சரி. ஆனா நீ அவங்க வாயையே பாக்கலையேம்மா" என்றவர், அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்ப முடியவில்லை. காது இரண்டும் சுட்டன. சிரித்தவர்கள் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், அது நிலைக்கவில்லை.

"நாந்தான கெடுத்தேன்" என்றாள் அம்மா. "சூப்பர்வைசர்ட்ட இன்னொரு லீவு கேக்குறேன். கரண்டில எப்படித் திங்கணும்னு சொல்லிக் குடு, திண்டுருவேன்."

அப்போதுதான் ஜன்னலிலிருந்து திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"தொண்ட எரியுதாம்மா?"

"அப்ப செத்த நேரம் எரிஞ்சுச்சு" என்றாள்.