போளூர் தங்கராசு நினைவுக் கோப்பை

போன மாதம் கொடைக்கானல் போயிருந்தபோது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு போஸ்டர் கண்ணில் பட்டது. 'மலையின் மாவீரன் போளூர் தங்கராசு நினைவுக் கோப்பை ஹாக்கிப் போட்டி.' நடுரோட்டில் நின்று சிரித்துவிட்டேன். யாரோ செத்ததற்குச் சிரிக்கிறேன் என்று மனைவி முறைத்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது? தங்கராசு செத்தது எனக்குத் தெரியாது. ஆனால் அவரைப் பெற்றவன் நான்தான்.

எதிரே சாக்லேட் கடை. கோகோ வாசனை ஆளைத் தூக்குகிறது. முன்பு அதே இடத்தில் ஒரு டீக்கடை; இஞ்சி டீயும் யூகலிப்டஸ் விறகுப் புகையும் மணக்கும். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பழனிப் பக்கத்துப் பாலசமுத்திரத்திலிருந்து எழுத்தர் வேலைக்கு மலையேறி வந்தவன். இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடிக்கும். சாயங்காலம் அறைக்குப் போனால் பேச்சுத்துணைக்கு நாதி கிடையாது. அந்த டீக்கடையில் அடுப்போரமாக இருந்த பெஞ்சு ஒன்றுதான் கதி. அதிலும் இடம் கிடைக்காது.

பெஞ்சு பழைய ஹாக்கி ரசிகர்கள் வசம் இருந்தது. அவர்கள் காலத்து லெஃப்ட் அவுட் ஆட்டக்காரன் பந்தை ஸ்டிக்கில் ஒட்டவைத்துப் பக்கத்துப் பள்ளங்கிக் கிராமம் வரைக்கும் கொண்டுபோவானாம். இதில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊர் மைதானத்தில் பாதி ஆட்டம் மூடுபனிக்குள் நடக்கும். பந்தும் தெரியாது, ஆளும் தெரியாது. 'டொக்' என்ற சத்தத்தை வைத்தே அடித்தது இன்னார் என்று சொல்கிறவன்தான் அங்கே ரசிகன். ஒருத்தர் சொன்னால் மற்றவர் எப்படி மறுப்பார்? தானும் கேட்டதாகத்தான் தலையாட்டுவார்.

அவர்களில் பொன்னையா அண்ணன் முன்னாள் கோல்கீப்பர். வருகிறவர்களிடம் அவர் கேட்பது ஒரே கேள்வி. "தம்பி, யாரு ஆட்டத்தப் பாத்திருக்கீங்க?" யாரையும் பார்க்காதவன் நின்றுகொண்டே குடிக்க வேண்டியதுதான். ஒரு மாதம் நின்றேன். குளிர் தாங்காத ஒரு நாளில் வாய் தானாகச் சொல்லிவிட்டது, "போளூர் தங்கராசு. பழனிக்கு ஆட வந்தப்பப் பாத்தேன்." அவ்வளவு தூரம் போளூருக்குப் போய் விசாரிக்க எவனும் மெனக்கெட மாட்டான் என்று ஒரு கணக்கு.

பொன்னையா அண்ணன் பக்கத்து ஆளை இடித்தார்.

"ஏலே, தள்ளி உக்காரு. தங்கராசு ஆட்டத்தப் பாத்தவருக்கு எடம் விடு."

ஒரே வாரத்தில் பெஞ்சுப் பேச்சில் தங்கராசு இடதுகைக்காரர் ஆனார். அத்தை மகளைக் கட்டினார். வெறுங்காலால் ஆடினார். அவர் அடித்த பெனால்டியைத் தடுத்ததில்தான் தன் சுண்டுவிரல் வளைந்தது என்றார் பொன்னையா அண்ணன். எனக்கே மெய்சிலிர்த்தது. பயமெல்லாம் அம்புரோஸ் சாரிடம்தான். மலையில் நடந்த ஆட்டங்களுக்கெல்லாம் நடுவர் அவர். வாய் திறக்காமல் என்னையே பார்ப்பார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பெஞ்சும் போகும், மானமும் போகும்.

ஒரு மழைநாளில் என் குடைக்குள் வந்து சேர்ந்துகொண்டார்.

"முப்பது வருசம் விசில் ஊதியிருக்கேன் தம்பி. தங்கராசுன்னு ஒருத்தனும் ஆடல."

நாளைக்கே எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லிக்கில்லித் தொலச்சிராதீங்க. கதவுல நசுங்குன வெரல வச்சுக்கிட்டு பொன்னையா இப்பத்தான் நிமிந்து நடக்கான்." கொஞ்ச தூரம் நடந்தோம். "போக, நானும் தங்கராச ஒருக்கா மைதானத்த விட்டு வெளியேத்துனதா வீட்டுல சொல்லிட்டேன்."

இரண்டு வருடத்தில் மாற்றலாகிக் கீழே வந்துவிட்டேன். பிறகு ஒரு கடிதாசிகூடப் போடவில்லை. அதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

சாக்லேட் கடைக்காரரிடம் தங்கராசு யார் என்று தெரியாதவன் போல விசாரித்தேன். நாற்பது வயதிருக்கும். பொன்னையா அண்ணனின் பேரனாம். "தாத்தாவும் அம்புரோஸ் சாரும் போயிட்டாங்க. போட்டி நடத்தணும்னு தாத்தா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாருங்க. தங்கராசு அடிச்ச பெனால்டியத் தடுத்து தாத்தாவுக்கு வெரலே இப்புடி ஆயிருச்சு" என்று தன் விரலை வளைத்துக் காட்டினார். போஸ்டரில் பொன்னையா பெயரும் இல்லை, அம்புரோஸ் பெயரும் இல்லை. இல்லாதவருக்குக் கோப்பை; நிஜமாக இருந்தவர்கள் இருவருக்கும் ஒரு வரிகூட இல்லை.

"நீங்க அவரு ஆட்டத்தப் பாத்திருக்கீங்களா சார்?"

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழனியில பாத்தேன். அந்தப் பெனால்டியத் தடுக்க பொன்னையா அண்ணன விட்டா ஆளே கெடையாது" என்றேன்.

அவர் உள்ளேயிருந்து நாற்காலி எடுத்துவந்து போட்டார்.