அக்கா உதறிய காக்கிச் சட்டைகள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் "என்ன நோய்?" என்றுதான் கேட்டார்கள். நான் பதிலைத் தொடங்குவதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால் எழுதுகிறேன். இரண்டு பக்கம்தான் இடம் என்று அச்சகத்தார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எழுபத்தொன்பது வயதை இரண்டு பக்கத்தில் எப்படி அடக்குவது என்பதை மட்டும் சொல்லவில்லை.

திருவனந்தபுரம் கோட்டைக்குள், எங்கள் தாத்தா நெல்லையிலிருந்து வந்து குடியேறிய தெருவில் அக்கா பிறந்தார். மணமாகிப் போனது நான்கு வீடு தள்ளி. அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேருக்கு, ஓர் ஆலையில் வேலை. நீராவிக் குழாய்களின் சூடு வெளியே போகாமல் அவற்றில் கல்நார் சுற்றும் பிரிவு. கல்நார் என்றால் ஆஸ்பெஸ்டாஸ். மாலையில் காக்கிச் சட்டை தூசி படிந்து வெளுத்துப்போய் வருவார்.

அக்காவின் மாமியார் மடி, ஆசாரம் பார்ப்பவர். ஆலைத் துணி வீட்டுத் துணியோடு சேரக் கூடாது. அதன் தூசி கிணற்றடியிலும் விழக் கூடாது. எனவே கொல்லைப்புறத்து இடுக்கு நடையில், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அக்கா அதை உலர்ந்தபடியே உதறி, அதன் பிறகே நனைப்பார். அத்திம்பேர் ஓய்வு பெறும்வரை இப்படித்தான் நடந்தது. அக்காவுக்கு வந்த நோய் அவருக்கு வரவில்லை. இதயக் கோளாறில் காலமானார். அக்காவின் மகள் கணினி வேலை கிடைத்து ஊர் எல்லையில் இருக்கும் கழக்கூட்டத்துக்குப் போனபின், மணமாகாத நான் அக்காவோடு வந்து சேர்ந்தேன். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

முதலில் மாடிப்படியில் மூச்சு வாங்கியது. பிறகு வலது விலாவில் வலி, வறட்டு இருமல், காரணமில்லாத களைப்பு. வளையல்கள் முழங்கை வரை ஏறும் அளவுக்கு இளைத்தார். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. எடுத்தார்கள், மறுபடி கோத்தது. காசநோய் என்று சந்தேகித்தார்கள், கிருமி கிடைக்கவில்லை. திசுத் துணுக்கு எடுத்துச் சோதித்த பின்னரே மீசோதீலியோமா என்ற புற்றுநோயின் பெயர் வந்தது.

மருத்துவர் ஒரு மலையாளப் பெண்மணி. அக்கா எந்த வேலைக்கும் போனதில்லை என்று அறிந்து, அத்திம்பேரின் வேலையைக் கேட்டார். சொன்னோம்.

"அம்மே, ஆ டிரெஸ் ஆரா அலக்கியது?" அந்த உடையை யார் துவைத்தது என்று கேட்கிறார்.

"வேற யாரு, நான்தான்! எங்காத்துத் துணியில தூசியா? பட்பட்னு நன்னா உதறிட்டுத்தான் நனைப்பேன். ஒரு பொட்டு கிணத்தடிக்கு வராது, டாக்டர்!" என்றார் அக்கா பெருமையாக.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அவர் விளக்கியது இது. கல்நாரின் கண்ணுக்குத் தெரியாத இழைகள் மூச்சோடு உள்ளே போய்த் தங்கிவிடும். இருபது, நாற்பது ஆண்டு கழித்தும் நோயாகலாம். பெரும்பாலும் நுரையீரலைப் போர்த்திய மெல்லிய உறையில் வரும். சிலருக்கு வயிற்றின் உள்ளுறையில் வரும். அப்போது வயிறு உப்பி வலிக்கும். மிக அரிதாக இதயத்தின் உறையிலும், ஆண்களுக்கு விரையின் உறையிலும் வரும். உயிரணுக்களின் தோற்றத்தை வைத்து எபிதீலியாய்டு, சார்கோமடாய்டு, இரண்டும் கலந்தது என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். அக்காவுக்கு முதலாவது. மருந்துக்கு ஓரளவு மசியும் என்றார்கள். ஓரளவுதான் மசிந்தது. இது தொற்றுநோய் அல்ல.

தன்னைப் பற்றி அக்கா ஒன்றும் கேட்கவில்லை. "நான் உதறறச்சே குழந்தை அங்கேயே என் புடவையைப் பிடிச்சுண்டு நிப்பாளே, டாக்டர்?" என்றுதான் கேட்டார்.

இழையைச் சுவாசித்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை, ஆனாலும் மகள் ஒருமுறை வந்து சோதித்துக்கொள்ளட்டும் என்றார் மருத்துவர். மகளோ அசையவில்லை. "எனக்கு உடம்புல ஒரு குழப்பமும் இல்ல மாமா. சும்மா பேடிச்சுப் பயந்துண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணுமா? லீவும் இல்ல."

"நீ இல்லேன்னா ஆபீஸ் கம்ப்யூட்டர் அழுமோடீ? எனக்காகப் போயிட்டு வா." அக்கா இதைச் சொல்லி முடிக்க இரண்டு இடத்தில் மூச்சுக்கு நிற்க வேண்டியிருந்தது. மகள் அதற்குமேல் மறுக்கவில்லை.

எக்ஸ்ரே படத்தோடு மகள் திரும்பி வந்தபோது, அக்கா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"அம்மா, தலைகீழாப் பிடிச்சிருக்கே."

"எப்படிப் பிடிச்சா என்ன, சுத்தமாத்தானே இருக்கு?"

இப்போதைக்குச் சுத்தம்தான். வருங்காலத்தில் இருமலோ மூச்சிரைப்போ வந்தால் எந்த மருத்துவரிடமும் முதலில் இந்தக் காக்கிச் சட்டைக் கதையைச் சொல்ல வேண்டும் என்று மகளுக்கு மருத்துவரின் அறிவுரை. அக்கா அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட இருக்கவில்லை.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் அப்படி ஆலைத் துணி துவைத்தவர் இருக்கலாம். அவருக்கு மூச்சு வாங்கினால் அந்தத் துணியின் கதையைத் தயவுசெய்து சொல்லுங்கள். மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், ஆட்டோவை மெதுவாக ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அடுத்த வீட்டுக்காரருக்கும், காரியம் முடியும்வரை பத்து நாளும் உடனிருந்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் தொலைபேசியில் கூப்பிடுவாள். மற்றதெல்லாம் பிறகு, முதலில் இருமல் உண்டா என்று கேட்டுவிடுவேன். "இல்ல மாமா" என்பாள். ஃபோனை வைத்ததும் அதை அக்காவிடம் சொல்ல உள்ளறை வரை போகிறேன். அங்கே கட்டில் மட்டும் இருக்கிறது.